'ஃபீலிங்' என்று எழுதினேன், 'எதை?' என்று கேட்கிறார்கள்

ஏழாம்வார்டு:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சின்னக் கூத்தை எழுதுகிறேன். முதலில் சிரித்துவிடுங்கள், அப்புறம் உதவுங்கள்.

போன வாரம் நைட் டியூட்டி. எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா, மகள் வருவாள் என்று சாயங்காலம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வரவில்லை. தாத்தா சாப்பாட்டைத் தொடவில்லை, யாரிடமும் பேசவில்லை. காலையில் அடுத்த ஷிஃப்டுக்காரர்களுக்கான குறிப்பு, அதாவது ஹேண்ட்ஓவர், எழுதும்போது 'பேஷண்ட் வாஸ் ஃபீலிங் சின்ஸ் ஈவினிங்' என்று எழுதிவிட்டேன். வார்டு சிஸ்டர் படித்துவிட்டு, "ஃபீலிங் வாட்?" என்றார். "ஜஸ்ட் ஃபீலிங், சிஸ்டர்" என்றேன். "சரி, எதை? வலியா, குளிரா, குமட்டலா?" என்று மறுபடி கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் 'அவர் ரொம்ப ஃபீல் பண்றார்' என்றால் அதோடு விஷயம் முடிந்தது. இங்கே வாக்கியமே இன்னும் தொடங்கவில்லை என்பதுபோல் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு அம்மா 'ஐ ஃபீல் ஃபன்னி' என்றார். ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, கட்டில் கம்பியைப் பிடித்தார். படுக்கவைத்துப் பார்த்தால் பி.பி. நன்றாக இறங்கியிருந்தது. பிறகு சரியாகிவிட்டார். ஆனால் நான் சிரித்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பள்ளியிலிருந்து ஆங்கிலம் படித்தவள்தான். இந்த ஒரு சொல்லில் மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறேன்?

டேப்பெட்:
தங்கச்சி, 'ஜஸ்ட் ஃபீலிங்' என்ற இடத்தில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

வசனக்காரி:
நான் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவள். இந்தச் சொல் எனக்குப் பிறவி எதிரி. ஒரு படத்தில் நாற்பது இடத்தில் வரும், நாற்பதுக்கும் ஒரே தமிழ்ச் சொல் கிடைக்காது. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'உணர்கிறேன்' போட்டுவிடுகிறார்கள். 'நான் குளிராக உணர்கிறேன்.' 'நான் இப்போது நன்றாக உணர்கிறேன்.' 'நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?' எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? குளிருது, இப்போ பரவாயில்லை, உடம்பு எப்படி இருக்கு. அவ்வளவுதானே?

ஓய்வுபெற்றசாக்பீஸ்:
முப்பத்துமூன்று ஆண்டு ஆங்கிலம் நடத்தினேன். என் மாணவர்களும் இதே இடத்தில்தான் விழுந்தார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஆங்கிலத்தில் 'ஃபீல்' பெரும்பாலும் ஒரு காலிப் பாத்திரம். எதையாவது ஊற்றினால்தான் பொருள் வரும். ஃபீல் கோல்ட், ஃபீல் டயர்ட், ஃபீல் லோன்லி. சும்மா 'ஹி வாஸ் ஃபீலிங்' என்று நிறுத்துவது, தமிழில் 'அவர் ஆக இருந்தார்' என்று நிறுத்துவதைப்போல. 'என்னவாக?' என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தத் தாத்தாவுக்கு 'ஃபீலிங் லோ' என்று எழுதியிருந்தால் உங்கள் சிஸ்டர் அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ஃபேலன்'. கையால் தொட்டுப் பார்ப்பதுதான் மூலப் பொருள். ஜெர்மனில் 'ஃப்யூலென்', டச்சில் 'ஃபூலென்' எல்லாம் ஒரே குடும்பம். உள்ளங்கையைக் குறிக்கும் லத்தீன் 'பால்மா'வும் தூரத்து உறவு என்பார்கள். மனம், துக்கம், அபிப்பிராயம் எல்லாம் பிறகு ஏறியவை. அந்தக் கை இன்றும் சில தொடர்களில் அப்படியே இருக்கிறது. ஃபீல் தி பல்ஸ் என்றால் நாடி பிடித்துப் பார்ப்பது. இருட்டில் 'ஃபீல் யுவர் வே' என்றால் சுவரைத் தடவித் தடவிப் போவது. வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்குப் பாடப்புத்தகத்தில் 'பால்பேட்' என்று படித்திருப்பீர்கள். நோயாளியிடம் 'ஐ ஆம் ஜஸ்ட் கோயிங் டு ஃபீல் யுவர் டம்மி' என்றால் போதும், 'டம்மி' என்பது பேச்சு வழக்கில் வயிறு. ஆனால் ஓர் எச்சரிக்கை. பின்னால் 'அப்' சேர்த்துவிடாதீர்கள். 'ஃபீல் அப்' என்பது ஒருவரைத் தகாத முறையில் தடவுவதற்கான சொல்.

அடுத்த வழுக்கல், பெயரடையா வினையடையா என்பது. 'ஐ ஃபீல் பேட்' சரி. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் 'லி' போட்டால் இலக்கணமாக இருக்கும் என்று நினைத்து 'ஐ ஃபீல் பேட்லி' எழுதுகிறவர்கள் ஆங்கிலேயரிலேயே உண்டு. 'ஃபீல்' இருக்கும் இடத்தில் 'ஆம்', 'இஸ்' வைத்துப் பாருங்கள். 'ஐ ஆம் பேட்லி' என்று யாராவது சொல்வார்களா? லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஐந்தும் இப்படித்தான், ஐம்புலனும் ஒரே வரிசையில் நிற்கும். இதில் ஒரு வேடிக்கை. 'தி கிளாத் ஃபீல்ஸ் சாஃப்ட்' என்றால் துணி எதையும் உணரவில்லை. தொடுகிறவர் நாம், எழுவாய் துணி. தமிழில் இதற்குத் 'தொட்டால் மெத்தென்றிருக்கிறது' என்று ஒரு 'தொட்டால்' தேவைப்படுகிறது.

துணி என்றதும் இன்னொன்று. 'ஃபெல்ட்' என்று ஒரு கம்பளித் துணி உண்டே, தொப்பி செய்வார்கள். அது இந்த 'ஃபீல்' வினையின் இறந்தகாலத்தோடு எழுத்தில் ஒன்று, பிறப்பில் சம்பந்தமில்லை. அந்தத் துணியின் பெயருக்கு உறவுக்காரர் 'ஃபில்டர்' என்ற சொல்தான். அந்தக் காலத்தில் அதை வைத்துத்தான் வடிகட்டினார்கள்.

ஏழாம்வார்டு:
ஐயா, நன்றி. ஒரு சந்தேகம். 'ஐ ஃபீல் டயர்ட்', 'ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்' இரண்டும் சொல்கிறார்கள். 'ஐ ஆம் ஃபீலிங் தட்' என்று நான் சொன்னால் மட்டும் திருத்துகிறார்கள். ஏன்?

ஓய்வுபெற்றசாக்பீஸ்:
உடம்பு, மனநிலை என்றால் இரண்டும் செல்லும். 'ஹவ் ஆர் யூ ஃபீலிங்?' என்பதில் 'உடம்புக்குத் தேவலையா' என்ற அக்கறைகூட ஒட்டியிருக்கும். 'ஐ ஃபீல் தட்' என்று வந்தால் அது அபிப்பிராயம். அதற்கு 'இங்' போடக்கூடாது. நினைக்கிறேன் என்பதைவிட ஒரு படி தணிந்த குரல் அது. கூட்டத்தில் 'ஐ ஃபீல் வி ஷுட் வெயிட்' என்று ஒருவர் சொன்னால், மறுத்தாலும் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று பொருள். பல நேரம் கோபித்துக்கொள்வார், அது வேறு.

தென்றல்தமிழன்:
ஐயா பெரியவர், வணங்குகிறேன். ஆனால் மேலே தங்கை 'உணர்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லைக் கேலி செய்கிறாரே! 'ஃபீல் பண்றான்' என்ற கலப்படத்தை விட்டுவிட்டு 'உணர்கிறான்' என்று எழுதுவதில் என்ன குற்றம்?

வசனக்காரி:
அண்ணா, கேலி செய்யவில்லை. 'ரொம்ப ஃபீல் பண்றான்' என்பதை 'மிகவும் உணர்கிறான்' என்று மாற்றிப் பாருங்கள். அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று ஞானி ஆகிவிடுவான். அங்கே வேண்டியது 'வருந்துகிறான்'. இன்னும் நன்றாகச் சொன்னால் 'மனசு விட்டுப்போயிட்டான்'.

ஓய்வுபெற்றசாக்பீஸ்:
தம்பி, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'உணர்' பழைய தமிழில் அறிவோடு சேர்ந்த சொல். குறளில் 'ஓதி உணர்ந்தும்' என்று வரும். படித்துப் பொருளைத் தெளிந்தும் என்று அர்த்தம். இன்றைக்கும் 'தவறை உணர்ந்தான்' என்றால் ஆங்கிலத்தில் 'ரியலைஸ்'தான், 'ஃபீல்' இல்லை. உடம்பின் தொடு உணர்ச்சிக்குத் திருக்குறள் வைத்திருக்கும் சொல் வேறு: 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று ஐந்தையும் அடுக்கும்போது தொடுதலுக்கு 'ஊறு' என்கிறது. இன்றைக்கு ஊறு என்றால் கெடுதல் என்று மட்டும் நினைக்கிறோம்.

தென்றல்தமிழன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'ஃபீல் பண்றான்' எனக்குக் கசக்கிறது.

மொழிப்பூனை:
எனக்கு 'ஃபீல் பண்றான்' கசக்கவில்லை, சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் காலிப் பாத்திரமாக இருந்த சொல், தமிழுக்குள் வந்ததும் நிரம்பிவிட்டது. அதுவும் சோகத்தால் மட்டும். 'ஃபீல் பண்ணாதே' என்றால் 'கவலைப்படாதே', 'மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே'. சந்தோஷமாக இருக்கிறவனைப் பார்த்து யாரும் 'ஃபீல் பண்றான்' என்று சொல்வதில்லை. ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால் ஒரு காரணம் தோன்றுகிறது. மற்ற வேலைக்கெல்லாம் நமக்கு அந்தச் சொல் தேவைப்படவே இல்லை.

கவனியுங்கள். எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்கு வலிக்குது, எனக்குக் கூசுது, எனக்குப் புல்லரிக்குது. ஒவ்வோர் உணர்ச்சிக்கும் தனி வினை இருக்கிறது. 'நான்' எதையும் செய்வதில்லை. உணர்ச்சி தானாக வந்து 'எனக்கு' ஆகிறது. மொழியியலில் இதை நான்காம் வேற்றுமை எழுவாய் என்று பேசுவார்கள். ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் நிற்க வேண்டும், அந்த 'நான்'னையும் 'குளிர்'ரையும் ஒட்ட ஒரு பசை வேண்டும். 'ஃபீல்' அந்தப் பசை.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற அமைப்பிலேயே 'லைக்' இருந்தது. பொருள்தான் எழுவாய், பிடிக்கிற ஆள் 'எனக்கு'. பல நூற்றாண்டில் மெல்லத் திரும்பி 'ஐ லைக்' ஆனது. 'மீதிங்க்ஸ்' என்று பழைய நாடகங்களில் வருமே, அது 'நான் நினைக்கிறேன்' இல்லை, 'எனக்குத் தோன்றுகிறது'. அதில் இருக்கும் 'திங்க்' தோன்றுதலைக் குறித்த வேறொரு வினை. ஜெர்மன்காரர்கள் இன்றும் குளிருக்கு 'மியர் இஸ்ட் கால்ட்' என்பார்கள், எனக்குக் குளிர். நம்மைப்போலவே. அதை ஆங்கிலப் பழக்கத்தில் 'இஷ் பின் கால்ட்' என்று சொல்லிவிட்டால் 'நான் இரக்கமற்றவன்' என்கிற மாதிரி ஆகிவிடும்.

கடற்காற்று:
அப்படியானால் செல்போனில் தினமும் வெயிலுக்குக் கீழே 'ஃபீல்ஸ் லைக் 41' என்று வருகிறதே, அதுவும் இந்தப் பசைதானா? சென்னையில் 32 என்று போட்டுவிட்டுக் கீழே 41 என்கிறான். எதை நம்புவது?

மொழிப்பூனை:
இரண்டையும் நம்பலாம். 32 காற்றின் சூடு, 41 உடம்புக்கு ஆகிற சூடு. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆறாது, உடம்புச் சூடு வெளியேறாது. இதற்குக் கணக்கு போட்டவர் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர், 1979ல். அதை வைத்து அமெரிக்க வானிலைத் துறை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் ஏறக்குறைய 41. குளிர் ஊர்களுக்கு இதன் மறுபக்கம் 'விண்ட் சில்', காற்று வீசுவதால் கூடுகிற குளிர். அண்டார்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர் தண்ணீர் நிரப்பிய உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். முடிவு 1945ல் வெளியானது. அமெரிக்காவும் கனடாவும் 2001ல் அந்தச் சூத்திரத்தைத் திருத்தின.

கடற்காற்று:
இவ்வளவு கணக்கு எதற்கு? எங்கள் பாட்டி 'இன்னிக்கு ஒரே புழுக்கம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

வசனக்காரி:
அந்த 'லைக்' எனக்கு ஒரு பெரிய நிம்மதி, சொல்கிறேன். 'ஐ ஃபீல் லைக் கிரையிங்' வந்தால் 'அழணும்போல இருக்கு'. 'ஐ ஃபீல் லைக் எ காபி' வந்தால் 'காபி குடிக்கணும்போல இருக்கு'. 'இட் ஃபீல்ஸ் லைக் ரெயின்' வந்தால் 'மழை வரும்போல இருக்கு'. மூன்றிலும் அந்த 'போல' அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. இந்தச் சொல்லில் இரண்டு மொழியும் கைகுலுக்குகிற ஒரே இடம் இதுதான். ஆனால் 'ஐ ஃபீல் லைக் ஆன் இடியட்' வந்தால் முட்டாள் ஆகணும்போல இருக்கு என்று எழுதிவிடக் கூடாது! ஒரு பையன் எழுதியே விட்டான், கடைசி நேரத்தில் பிடித்தேன்.

அப்புறம் 'ஃபீல் ஃப்ரீ'. 'சுதந்திரமாக உணருங்கள்' என்று ஓர் இணையதளத்தில் பார்த்தேன். தாராளமாகக் கேளுங்கள் என்றால் என்ன குறைந்துவிடும்?

வடமராட்சியான்:
கனடாவிலிருந்து எழுதுகிறன். எங்கட ஊர்ப் பேச்சில் 'வலிக்குது' குறைவு, 'நோகுது' தான். வயிறு நோகுது, கால் நோகுது. நோய் என்ற சொல்லும் இந்த 'நோ'விலிருந்துதான். தங்கச்சி கேட்ட 'ஃபீல் ஃபன்னி'க்கு எங்களிட்டை அளவெடுத்த சட்டை மாதிரி ஒரு தொடர் இருக்கு: 'எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு.' அம்மா அப்பிடிச் சொன்னால் நாங்கள் ஒருத்தரும் சிரிக்க மாட்டம், முதலில் கதிரையை இழுத்துப் போடுவம்.

ஏழாம்வார்டு:
அண்ணை! 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு' என்று நாங்களும் சொல்வோமே! அந்த அம்மா சொன்னது அதுதானா? இவ்வளவு எளிதான ஒன்றா?

டேப்பெட்:
படித்தவர்கள் நடுவில் ஒரு மெக்கானிக்கும் பேசலாமா? கோவையில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். எங்களிடம் ஃபீலர் கேஜ் என்று ஒன்று உண்டு. மெல்லிய இரும்புத் தகடுகள் விசிறி மாதிரி அடுக்கி இருக்கும், ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணும்போது, அதாவது என்ஜின் வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும்போது, வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் தகட்டைச் செருகுவோம். இடைவெளி சரியாக இருந்தால் தகடு லேசாகப் பிடித்து, பிடித்து நகரும். சளசள என்று போனால் லூஸ். இழுக்கவே வரவில்லை என்றால் டைட். அந்த 'லேசான பிடி' எவ்வளவு என்று எந்த மேனுவலும் காட்டித்தராது. எழுத்தில் 0.10 மி.மீ. என்று இருக்கும். மீதி விரல் நுனிதான்.

புதுப் பையன்களுக்கு நான் சொல்வதே 'கையில ஃபீல் வரணும்டா' என்பதுதான். ஐயா சொன்ன கையால் தொட்டுப் பார்க்கிற பொருள் எங்கள் பட்டறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாங்கள் சோகத்துக்கு 'ஃபீல்' சொல்வோம், தகட்டுக்கும் சொல்வோம். ஒருநாளும் குழம்பியதில்லை.

தென்றல்தமிழன்:
இது எனக்குத் தெரியாது, அண்ணா. 'கைப்பதம்' என்று சொல்லலாமே?

டேப்பெட்:
சொல்லலாம் தம்பி. எங்கள் அம்மா பாகு எடுக்கும்போது கம்பிப்பதம் பார்ப்பதும் அதே வேலைதான். நாளைக்குப் பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் ஸ்பேனரை 'திருகுசாவி' என்று சொல்லவைக்காதே.

வயசானசிஸ்டர்:
நான் பதினாறு வருஷமாக இந்த ஊர் வார்டுகளில் இருக்கிறேன். தங்கச்சி, இலக்கணம் எல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உனக்கு நாளைக் காலை தேவைப்படுவது வேறு.

'ஐ ஃபீல் சிக்' என்று இங்கே சொன்னால் உடம்பு சரியில்லை என்று பொதுவாக எடுத்துக்கொண்டு பி.பி. மெஷினைத் தேடிப் போகாதே. வாமிட் பவுலை எடு. பிரிட்டனில் அதற்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றுதான் முதல் அர்த்தம். 'ஐ வாஸ் சிக்' என்றால் எடுத்தே விட்டார்கள். அமெரிக்கப் படம் பார்த்து ஆங்கிலம் பழகியவர்கள் எல்லாரும் இதில் ஒருமுறை மாட்டுவார்கள். நானும் மாட்டினேன், என் ஷூ மாட்டியது.

'ஃபீல் ரஃப்' என்றால் சொரசொரப்பு இல்லை, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. 'ஃபீல் பூர்லி' என்று வடக்கே உன் பக்கம் நிறையக் கேட்பாய், உடம்பு சுகமில்லை. இதில் 'லி' இருக்கிறதே என்று சாக்பீஸ் ஐயா கோபிக்க வேண்டாம், இங்கே அது பெயரடை. 'ஃபீல் ஃபெய்ண்ட்' என்றால் மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது, உடனே உட்காரவை. 'ஐ டோண்ட் ஃபீல் மைசெல்ஃப்' என்றால் 'நான் நானாக இல்லை'. வயதானவர்கள் இதைச் சொன்னால் அலட்சியம் கூடாது. சில நேரம் இன்ஃபெக்ஷன் தொடங்குவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஸ்காட்லாந்து நோயாளி யாராவது 'ஃபீல் எ ஸ்மெல்' என்று சொன்னால் திகைக்காதே. அங்கே வாசனையையும் 'ஃபீல்' பண்ணுவார்கள், பழைய வழக்கு. முதலில் கேட்டபோது மூளையில் ஏதோ கோளாறு என்று நான் நோட்ஸ் எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் 'ஃபீல்' என்று தொடங்கினால் 'இன் வாட் வே?' என்று கேள். யாரும் உன்னைத் தெரியாதவள் என்று நினைக்கமாட்டார்கள். ஆங்கிலக்காரிகளும் அதையேதான் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்றசாக்பீஸ்:
'பூர்லி'க்குக் கோபமில்லை, சிஸ்டர். முப்பத்துமூன்று ஆண்டும் அதை வினையடை என்றே நடத்தினேன். என் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மொழிப்பூனை:
'இன் வாட் வே' என்று ஆங்கிலக்காரர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நோயாளி கேட்காமலே சொல்லிவிடுவார். தலை விண்விண்ணென்று தெறிக்குது, கால் மதமதன்னு இருக்கு, கண் கரகரன்னு உறுத்துது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயிறு திகுதிகுன்னு எரியுது. இந்த இரட்டைக்கிளவியை எல்லாம் 'ஃபீல்' பக்கத்தில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொன்னால் என்னால் ஆகாது. வசனக்காரி அக்கா முயலலாம்.

வசனக்காரி:
எனக்கு இப்போதே தலை விண்விண்.

ஏழாம்வார்டு:
இரண்டு நாள் தொடர் டியூட்டி, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். எல்லாருக்கும் நன்றி.

நேற்று அதே தாத்தா 'ஐ ஃபீல் ரஃப், லவ்' என்றார். 'இன் வாட் வே?' என்று கேட்டேன். வாய் உலர்ந்திருக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று வரிசையாகச் சொன்னார். யூரின் டெஸ்டுக்கு அனுப்பினோம், டாக்டர் பார்த்து மருந்து எழுதினார். ஹேண்ட்ஓவரில் நான்கு வரி எழுதினேன். சிஸ்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார், கேள்வி இல்லை. சாயங்காலம் மகளும் வந்துவிட்டார்.

ரூமுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். "குரலே சரியில்லையே, என்னடி?" என்றார். "தெரியலம்மா, ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஃபீல் பண்ணாதே, தீபாவளிக்கு லீவு கேளு" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை.